சிட்ரா: பஸ் ஸ்டாப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சிக் கழகத்தின் கதை

கோவையில் காந்திபுரத்திலிருந்து அவிநாசி சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் கண்டக்டர் "சிட்ரா, சிட்ரா எறங்கு" என்று சத்தம் போடுவதைக் கேட்டிருப்பீர்கள். விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்துக்கு முன்னடையாளமே அதுதான். ஆனால் சிட்ரா என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அது ஒரு ஸ்டாப்பின் பெயர் என்பார்கள், சிலர் ஏதோ மில் என்பார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்வரை அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

சிட்ரா என்பது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1956இல் தொடங்கப்பட்டது. ஒரு ஆராய்ச்சி நிலையம் அது இருக்கும் ஊருக்கு என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதைப் புரிந்து கொள்ள இதைவிட நல்ல உதாரணம் நம் கொங்கு நாட்டில் இல்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பஞ்சும் மின்சாரமும்

முதலில் இந்த ஆராய்ச்சிக் கழகம் ஏன் சென்னையில் இல்லாமல் கோவையில் வந்தது என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டின் கரிசல் மண்ணில் பருத்தி வெகு காலமாக விளைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி இங்கே வந்த பிறகு நல்ல நீள இழை கொண்ட பஞ்சு கிடைக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பே 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையின் முதல் நூற்பாலையைத் தொடங்கியிருந்தார். ஆனால் ஊர் முழுக்க மில்லாக மாறியது பைக்காரா மின்சாரத்துக்குப் பிறகுதான். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் வேலை செய்யத் தொடங்கியது. நிலக்கரி கிடைக்காத ஊருக்கு மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் விவசாயக் குடும்பங்களும் வியாபாரக் குடும்பங்களும் வரிசையாக மில் போட்டார்கள். 1933இல் தென்னிந்திய ஆலை உரிமையாளர்கள் சங்கம் உருவானது.

மில் வந்தால் அதற்குப் பழுது பார்க்கும் பட்டறை வரும். பட்டறை வந்தால் வார்ப்படச் சாலை வரும். 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள். பின்னர் பம்பு, கிரைண்டர், நூற்பு இயந்திரங்கள் என்று வளர்ந்து 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கும் அளவுக்குப் போனது.

ஆராய்ச்சி நிலையம் என்பதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1912இலேயே இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டுவிட்டது. அங்கே உருவான கரும்பு ரகங்கள் 'கோ' என்ற எழுத்தோடு உலகம் முழுக்கப் போயின. அந்தக் 'கோ' கோயம்புத்தூரைக் குறிப்பது. ஆனால் அது அரசாங்கம் நடத்தியது. சிட்ராவோ வேறு மாதிரி.

கூட்டு ஆராய்ச்சி என்ற யோசனை

ஒரு மில் முதலாளி தனியாக ஆய்வகம் வைத்தால் செலவு கட்டாது. வைத்துக் கண்டுபிடித்தாலும் அடுத்த மில்லுக்குச் சொல்ல மாட்டார். இந்தச் சிக்கல் முதலில் இங்கிலாந்தில்தான் பெரிதாகப் பேசப்பட்டது. முதல் உலகப் போரின்போது சாயம், கண்ணாடி போன்றவற்றுக்கெல்லாம் ஜெர்மனியை நம்பியிருந்தது அவர்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது. அதனால் பிரிட்டிஷ் அரசு பத்து லட்சம் பவுன் ஒதுக்கியது. ஒரு தொழிலில் உள்ள கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஆராய்ச்சிச் சங்கம் அமைத்துச் சந்தா கட்டினால் அரசும் தன் பங்குக்குப் பணம் தரும் என்பது திட்டம். அப்படி உருவானதுதான் மான்செஸ்டரின் பருத்தி ஆராய்ச்சிச் சங்கம். அதன் ஆய்வகத்துக்கு ஷெர்லி இன்ஸ்டிட்யூட் என்று பெயர். பணம் கொடுத்த ஒருவருடைய மகளின் பெயர் அது.

சுதந்திர இந்தியா இந்த முறையை எடுத்துக் கொண்டது. 1947இல் அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முன்னின்று அட்டிரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார். (விண்வெளி ஆராய்ச்சிக்கு முன்பு அவர் பஞ்சு ஆராய்ச்சிக்குத்தான் நிறுவனம் கட்டினார் என்பது பலருக்குத் தெரியாது!) 1954இல் பம்பாயில் பிட்ரா. 1956இல் கோவையில் சிட்ரா. பின்னர் 1974இல் வட இந்தியாவுக்கு நிட்ரா. மில்களின் சந்தா ஒரு பக்கம், மத்திய அரசின் மானியம் ஒரு பக்கம். இரண்டு காலில் நிற்கிற நிறுவனம்.

சிட்ராவின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன். ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், ஆனால் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும்கூட. அதே அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் கலைக்கூடம் கோவைக்காரர்களுக்குத் தெரிந்த இடம். ஒரு ஆராய்ச்சிக் கழகத்தின் ஆரம்ப காலத்தில் இப்படிப்பட்ட மனிதர் கிடைத்தது கோவையின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

அளந்து பார்த்தால்தான் தெரியும்

சரி, ஆராய்ச்சிக் கழகம் என்ன ஆராய்ந்தது? புதிய இயந்திரம், புதிய இழை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஆரம்பத்திலிருந்து அது அதிகம் செய்த வேலை அளப்பது.

நூலை 'கவுண்ட்' கணக்கில் சொல்வார்கள். 40ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட 40 சிட்டங்கள் இருக்கும். கணக்குப் போட்டால் 33,600 கெஜம், அதாவது சுமார் 30 கிலோமீட்டர். அரைக் கிலோ கூட இல்லாத பஞ்சிலிருந்து கோவையிலிருந்து அன்னூர் தாண்டும் நீளத்துக்கு நூல்! அந்த நீளத்தில் ஒரு இடத்தில் மெல்லிதாக இருந்தால் அங்கே அறும். அறுந்தால் ஆள் வந்து முடிய வேண்டும். முடிச்சு துணியில் தெரியும். எனவே இழையின் நீளம், வலு, மென்மை, முதிர்ச்சி எல்லாவற்றையும் அளந்து, இந்தப் பஞ்சில் எந்த நம்பர் நூல் நூற்கலாம் என்று முன்கூட்டியே சொல்வதற்கு ஒரு குறியீட்டுச் சூத்திரம் தேவைப்பட்டது. சிட்ராவின் பெயரோடு வழங்கும் அந்தச் சூத்திரம் இன்றும் ஜவுளித் தொழில்நுட்பப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

ஈரப்பதம் இன்னொரு விஷயம். பஞ்சு காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். 100 கிலோ காய்ந்த பஞ்சுக்கு 8.5 கிலோ ஈரம் என்பது வியாபாரத்தில் ஒத்துக் கொள்ளப்பட்ட அளவு. அதற்கு மேல் இருந்தால் மில்காரர் தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறார் என்று அர்த்தம். குறைந்தால் நூல் அறுகிறது. இதனால்தான் பரிசோதனைக் கூடத்தில் காற்றின் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தி வைத்த பிறகே நூலைச் சோதிப்பார்கள். நமக்குச் சின்னதாகத் தெரியும் இந்த விஷயத்தில் ஒரு மில்லின் வருட லாபமே போய்விடலாம்.

இவற்றையெல்லாம் ஒரு மில்லில் மட்டும் அளந்தால் பயன் குறைவு. பல மில்களில் அளந்து ஒப்பிட வேண்டும். சிட்ரா நடத்திய ஆலை ஒப்பீட்டு ஆய்வுகளின் மதிப்பு இங்கேதான். எந்த மில் எது என்று பெயர் வெளியே தெரியாது. ஆனால் தன்னுடைய மில் வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்தந்த மில்லுக்குத் தெரியும். போட்டியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக் கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பொதுவான நிறுவனம் ஒன்று நடுவில் இல்லாவிட்டால் இது நடக்கவே நடக்காது.

தொழிலாளியின் பக்கம்

இங்கே ஒரு முக்கியமான கேள்வி வருகிறது. அளப்பது யாருக்காக?

நூற்பாலையில் 100 கிலோ நூல் உற்பத்தி செய்ய எத்தனை ஆள்-மணி நேரம் ஆகிறது என்று ஒரு கணக்கு உண்டு. வெவ்வேறு நம்பர் நூல் நூற்கும் மில்களை ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் 40ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். மேலாளருக்கு இது திறமையின் அளவு. தொழிலாளிக்கோ இது தான் எத்தனை கதிர் பார்க்க வேண்டும், ஒரு ஷிப்டில் எத்தனை தூரம் நடக்க வேண்டும், பக்கத்தில் நின்ற ஆள் நாளைக்கு இருப்பாரா என்ற கேள்வி.

சிட்ரா ஸ்டாப்பிலிருந்து அதே சாலையில் கொஞ்சம் கிழக்கே போனால் சின்னியம்பாளையம். ஆலைத் தகராறை ஒட்டி நடந்த ஒரு கொலை வழக்கில் ரங்கவிலாஸ் மில்லைச் சேர்ந்த நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுடைய ஊர் அது. இன்றும் அந்த நாளில் அங்கே நினைவஞ்சலி நடக்கிறது. அதே 1946 நவம்பரில் ஸ்டேன்ஸ் மில்லில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இதெல்லாம் முடிந்து பத்தே வருடத்தில் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் சிட்ரா. அப்படிப்பட்ட ஊரில் வேலைப் பளுவை அளப்பதற்குக் கையில் கடிகாரத்தோடு ஒருவர் மில்லுக்குள் வந்தால் தொழிலாளி எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்!

என் கருத்து இதுதான். அளவுகோல் இல்லாத இடத்தில் பலம் உள்ளவர் சொன்னதே அளவு. அளவுகோல் இருந்தால் குறைந்தபட்சம் இரண்டு பக்கமும் அதை வைத்து வாதாடலாம். பஞ்சு மோசமாக இருந்ததால் நூல் அறுந்தது, ஆள் கவனக்குறைவால் அல்ல என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டுமானாலும் பரிசோதனை முடிவு வேண்டும். ஆனால் அந்த முடிவு அவர் கைக்கும் கிடைக்க வேண்டும். சந்தா கட்டுவது மில், அறிக்கை போவதும் மில்லுக்கு என்றால் அளவுகோல் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். கூட்டு ஆராய்ச்சி முறையின் பிறவிக் குறை இது.

கல்வியும் பயிற்சியும்

கோவையில் கல்லூரியும் தொழிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926இல் தொடங்கியது. அதன் தொழிற்பயிற்சிக் கூடத்தில் மாணவர்கள் படித்தார்கள், அங்கேயே மோட்டாரும் பம்பும் உற்பத்தியானது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும், கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி சிட்ரா பிறந்த அதே 1956இலும் வந்தன. இரண்டும் இருப்பது சிட்ரா இருக்கும் அதே சாலையில்!

இந்தக் கல்லூரிகள் பட்டதாரிகளை உருவாக்கின. சிட்ராவோ பட்டம் இல்லாதவர்களுக்கும் பயிற்சி தந்தது. மில்லில் மேற்பார்வையாளர், ஃபிட்டர், பரிசோதனைக் கூட ஊழியர், ரிங் ஃபிரேமில் நிற்கும் தொழிலாளி என்று எல்லாருக்கும் தனித்தனி வகுப்புகள். அறுந்த நூலைக் குறைந்த அசைவில் எப்படி ஒட்டுவது என்பதைக் கூட முறைப்படுத்திச் சொல்லிக் கொடுக்க முடியும் என்பதே அந்தக் காலத்தில் புதிய எண்ணம். ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் கல்விப் பணி என்று நாம் டாக்டர் பட்டங்களை மட்டும் எண்ணக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விசைத்தறிகளுக்கு

நூற்பாலை பணக்காரத் தொழில். ஆனால் சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு 'டக டக' சத்தம் கேட்கும். நாலு தறி, எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் ஜவுளி வியாபாரி கொடுப்பார், துணியை அவரே எடுத்துக் கொள்வார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. இந்தக் கூலிக்காகத்தான் அவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்வதைப் பேப்பரில் பார்க்கிறோம். இவர்களால் ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சந்தா கட்ட முடியுமா?

இங்கேதான் அரசுப் பணத்தின் அவசியம் புரியும். மத்திய அரசின் திட்டத்தில் விசைத்தறி சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. மேலே சொன்ன ஊர்களில் அவற்றை சிட்ரா நடத்தி வந்திருக்கிறது. நூலைக் கொண்டு போய் சோதிக்கலாம், தறி ஓட்டப் பயிற்சி பெறலாம், புது டிசைன் கேட்கலாம். வியாபாரி "துணியில் குறை, கூலியைப் பிடிக்கிறேன்" என்று சொல்லும்போது, குறை நெசவில் இல்லை, நீங்கள் கொடுத்த நூலில்தான் என்று காட்ட ஒரு சோதனைத் தாள் கையில் இருப்பது சாதாரண விஷயமா? எட்டுத் தறிக்காரருக்கு அது பெரிய பலம்.

பம்பு செய்பவர்களின் ஆய்வகம்

ஜவுளிக்கு வெளியேயும் இதே பாணி பரவியது. கோவையில் பம்பு, மோட்டார் செய்யும் சின்னச் சின்னக் கம்பெனிகள் ஏராளம். இந்தியத் தர நிர்ணய முத்திரை வாங்க வேண்டுமானால் பம்பைச் சோதிக்கத் தண்ணீர்த் தொட்டி, அழுத்தமானி, ஓட்டமானி, மின் அளவிகள் எல்லாம் வேண்டும். சின்னக் கம்பெனியால் இது ஆகாது. 1987இல் கோவைத் தொழில் அமைப்புகள் சேர்ந்து, அரசு உதவியோடு சிடார்க் என்ற பொதுப் பரிசோதனை மற்றும் ஆராய்ச்சி மையத்தை அமைத்தார்கள். பக்கத்துத் தெருப் பட்டறையில் செய்த பம்பும் பெரிய கம்பெனி பம்பும் ஒரே மேடையில் ஏறி நின்றன.

இதில் விவசாயிக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் பம்பு எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று விவசாயி கவலைப்படுவதில்லை. ஆனால் அந்தச் செலவை யாரோ ஒருவர் கட்டத்தானே வேண்டும்? தரமான பம்பு என்பது கடைசியில் ஊர்ப் பணத்தை மிச்சப்படுத்தும் விஷயம்.

2020: ஊருக்கே தேவைப்பட்ட பரிசோதனை

சிட்ராவின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது 2020இல். கொரோனா பரவியபோது மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் உடல் முழுக்க மூடும் கவச உடை வேண்டும். அதுவரை அப்படிப்பட்ட உடை இந்தியாவில் உற்பத்தியாகவில்லை என்றே சொல்லலாம். வெளிநாட்டிலிருந்தும் போதுமான அளவு வரவில்லை. திருப்பூரில் பனியன் தைத்தவர்கள் "நாங்கள் தைக்கிறோம்" என்று முன்வந்தார்கள். ஆனால் தைத்த உடை உண்மையிலேயே காக்குமா என்று யார் சொல்வது?

சில வருடங்களுக்கு முன்பே மருத்துவ ஜவுளிக்கான உயர் சிறப்பு மையம் சிட்ராவில் அமைக்கப்பட்டிருந்தது. செயற்கை ரத்தத்தைத் துணியின் மேல் வைத்து அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஆரம்ப நாட்களில் இந்தச் சோதனைக்கு நாடு முழுக்க அனைவரும் நம்பியது கோவையின் இந்த ஒரு ஆய்வகத்தைத்தான். பிறகு ராணுவ ஆராய்ச்சி ஆய்வகங்களும் மற்றவையும் சேர்ந்தன. துணி தேறினாலும் தையல் ஓட்டை வழியாகக் கசியும் என்பதால் தையலின் மேல் ஒட்டும் டேப்பும் சோதிக்கப்பட்டது. தேறிய ஒவ்வொரு உடைக்கும் தனிச் சான்று எண். 2020 மே மாதத்தில் நாட்டின் உற்பத்தி ஒரு நாளைக்கு 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

இதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கருவியை வாங்கியபோது அதற்குப் பெரிய சந்தையே இல்லை. லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் எந்தக் கம்பெனியும் வாங்கியிருக்காது. பொது நிறுவனம் என்பதன் அர்த்தம் இதுதான். தேவை வருவதற்கு முன்பே தயாராக இருப்பது.

எட்டாதவர்கள்

பாராட்டிக் கொண்டே போனால் அது கட்டுரை அல்ல, விளம்பரம். எனவே இரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, கோவையின் அருணாசலம் முருகானந்தம். ஏழைப் பெண்களுக்கு மலிவு விலையில் நாப்கின் செய்ய முயன்றவர், 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். கடையில் விற்கும் நாப்கினுக்குள் இருப்பது என்ன பொருள் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஆய்வகத்துக்கு அனுப்பியபோது பஞ்சு என்று முடிவு வந்ததாம். உண்மையில் அது மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ். ஜவுளி அறிவு இவ்வளவு குவிந்திருக்கும் ஊரில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரருக்கு இந்தப் பதில் கிடைக்க இவ்வளவு காலம் ஆனது! எந்த ஆய்வகம் என்பது இங்கே முக்கியமல்ல. ஆய்வகம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். அது பெரிய மில்லுக்குக் கிடைக்கிறது, தனி மனிதருக்குக் கிடைப்பதில்லை.

இரண்டு, நொய்யல். திருப்பூர்ச் சாயக் கழிவு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அதற்குக் கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை தீவிரமாக நடைமுறைக்கு வந்தது. நூலின் வலுவைக் கிராம் கணக்கில் அளந்த நாடு, ஆற்றின் உப்பை அளந்து சரியான நேரத்தில் எச்சரித்து அதைக் கேட்க வைக்கவில்லை. இது ஒரு நிறுவனத்தின் தவறு அல்ல. பணம் கட்டுபவரின் கேள்விகள்தான் ஆராய்ச்சியாகின்றன. கரூர் பக்கத்து விவசாயி எந்தச் சங்கத்திலும் சந்தாதாரர் இல்லை.

முடிவாக

1956இல் ஒரு பொதுவான அளவுகோல் வேண்டும் என்று மில்கள் கூடி நினைத்தது பெரிய விஷயம். அந்த அளவுகோல் மில்லிலிருந்து விசைத்தறிக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரி வார்டுக்கும் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அப்படிப் போக வைத்தது மானியமாக வந்த பொதுப் பணம். அந்தப் பணம் குறைந்தால் ஆராய்ச்சிக் கழகம் மூடிப் போகாது. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் சோதனை செய்யும் கடையாக மாறிவிடும். அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

அடுத்த முறை கண்டக்டர் "சிட்ரா எறங்கு" என்று கத்தும்போது ஜன்னல் வழியாக ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அந்தக் கேட்டுக்குள் நம்முடைய பணமும் இருக்கிறது. எனவே நம்முடைய கேள்விகளும் அங்கே போக வேண்டும்.